சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு: எகானமி வகுப்பில் எந்த இருக்கையைத் தேர்ந்தெடுப்பது?

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் பெற்றோருக்கு டிக்கெட் எடுப்பவர்கள், தேதி, கட்டணம், டிரான்சிட் நேரம் ஆகிய எல்லாவற்றையும் பல நாள் பார்த்து முடிவு செய்துவிட்டு, கடைசியில் இருக்கை வரைபடம் திரையில் வரும்போது தயங்கி நின்றுவிடுகிறார்கள். வகுப்பு ஒன்றுதான், உணவு ஒன்றுதான், அனுமதிக்கப்படும் பெட்டி எடையும் ஒன்றுதான். ஆனால் சில கட்டங்கள் இலவசமாகவும், சில கட்டங்கள் ஓரிரு ஆயிரம் ரூபாய்க்கும், கால் நீட்ட இடமுள்ள வரிசைகள் அதைப் போலப் பல மடங்கு விலைக்கும் காட்டப்படுகின்றன. எதற்குப் பணம் கொடுப்பது தகும், எதற்குத் தகாது என்பதைத்தான் இங்கே எடைபோட்டுப் பார்க்கிறேன்.

துபாய் அல்லது தோஹா வழியாகச் செல்லும் பயணத்தை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து வளைகுடா வரையிலான முதல் கட்டம் நான்கு, நாலரை மணி நேரம். அங்கிருந்து நியூயார்க் என்றால் சுமார் 14 மணி நேரம். டல்லஸ், ஹூஸ்டன், சான் ஃபிரான்சிஸ்கோ என்றால் சுமார் 16 மணி நேரம். இருக்கை பற்றிய கேள்வி உண்மையில் இந்த இரண்டாம் கட்டத்தைப் பற்றியது.

## எதை வைத்து முடிவு செய்வது

அளவுகோல்கள் ஐந்து. அவற்றில் முதலாவது மற்ற நான்கையும்விடப் பெரியது என்பது என் உறுதியான கருத்து.

அது, யாரிடமும் கேட்காமல் எழுந்து நடக்க முடியுமா என்பது. நம் வீட்டுப் பெரியவர்கள், முக்கியமாக அம்மாக்கள், பக்கத்தில் தூங்கும் அறிமுகமில்லாத ஒருவரைத் தட்டி எழுப்பக் கூச்சப்படுவார்கள். அந்தக் கூச்சத்தினால் கழிவறைக்குப் போவதைத் தள்ளிப்போடுவார்கள். தள்ளிப்போட வேண்டுமே என்று தண்ணீர் குடிப்பதையும் நிறுத்திவிடுவார்கள். பணியாளர் தண்ணீர்த் தட்டோடு வரும்போதெல்லாம் கையசைத்து வேண்டாம் என்பவரின் கால்கள், இறங்கும் நேரத்தில் செருப்புக்குள் நுழையாத அளவுக்கு வீங்கியிருப்பதைப் பார்க்கலாம். இது வசதிக் குறைவு மட்டுமல்ல. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் இரத்தக் குழாயில் இரத்தம் உறையும் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007இல் தெரிவித்தது. உடல்நலம் உள்ளவர்களிடம் அது சுமார் 6,000 பேரில் ஒருவருக்கு என்ற அளவிலேயே இருப்பதால் அஞ்சத் தேவையில்லை. ஆனால் உடல் பருமன் உள்ளவர்களுக்கும், 160 செ.மீ.க்குக் குறைவான அல்லது 190 செ.மீ.க்கு மேற்பட்ட உயரம் உள்ளவர்களுக்கும் ஆபத்து கூடுதல் என்று அதே ஆய்வு சொல்கிறது. நம் அம்மாக்களில் பலர் 160 செ.மீ.க்குள் அடங்குபவர்கள். அமெரிக்க மார்பு மருத்துவர் கல்லூரி 2012இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், ஜன்னலோரத்தில் உட்காருபவர்கள் குறைவாக நடப்பதால் அந்த இருக்கையையே ஓர் ஆபத்துக் காரணியாகக் குறிப்பிடுகின்றன.

இரண்டாவது தூக்கம். மூன்றாவது இடம்: முழங்காலுக்கும் முன்னிருக்கைக்கும் உள்ள இடைவெளி, இருக்கையின் அகலம், பாதத்தை வைக்கும் இடம் ஆகிய மூன்றும் வெவ்வேறு என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நான்காவது இறங்கும் வேகம். ஐந்தாவது கட்டணம், அதன் பின்னால் மறைந்திருக்கும் செலவுகள் உட்பட.

## முதலில் விமானத்தைப் பாருங்கள்

வளைகுடா நிறுவனங்களின் போயிங் 777 விமானங்களில் ஒரு வரிசைக்கு 3-4-3 என்ற கணக்கில் (ஓரத் தொகுதிகளில் மும்மூன்று, நடுத் தொகுதியில் நான்கு, இடையே இரண்டு நடைபாதைகள்) பத்து இருக்கைகள். ஒவ்வொன்றின் அகலமும் சுமார் 17 அங்குலம். இதே 777இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 3-3-3 என்று ஒன்பது இருக்கைகளை மட்டுமே வைத்திருக்கிறது. அந்த ஓர் இருக்கையின் இடம் ஒன்பது பேருக்கும் பங்கிடப்படுவதால் தோளுக்குத் தோள் உரசுவது குறைகிறது. ஏர்பஸ் ஏ350, போயிங் 787 ஆகியவற்றில் பெரும்பாலும் 3-3-3, ஏ330இல் 2-4-2. இரட்டை மாடி ஏ380இன் கீழ்த்தளமும் 3-4-3தான் என்றாலும், உடல் அகன்ற விமானம் என்பதால் இருக்கையின் அகலம் சுமார் 18 அங்குலம் கிடைக்கிறது.

ஓர் அங்குலம் பெரிய விஷயமா என்று கேட்கலாம். 16 மணி நேரம் கைப்பிடிக்காகப் பக்கத்தில் இருப்பவரோடு மௌனமாகப் போட்டியிடுபவருக்குப் பெரிய விஷயம்தான். இரண்டு டிக்கெட்டுகளின் விலை ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்டுவதற்கு முன்பு, விமானத்தின் வகையைப் பார்த்து டிக்கெட்டைத் தேர்ந்தெடுப்பதே சிறந்த முதலீடு. ஏ350, 787 ஆகியவற்றின் உள்ளே காற்றழுத்தம் சுமார் 6,000 அடி உயரத்துக்கு இணையாக வைக்கப்படுகிறது. பழைய வகை விமானங்களில் அது 8,000 அடி வரை போகலாம். களைப்பு குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து, முதல் அளவுகோலை எண்ணிக்கையாக மாற்றிப் பார்க்கலாம். ஓர் இருக்கையில் உட்கார்ந்தால் வெளியேற எத்தனை பேரைத் தாண்ட வேண்டும், எத்தனை பேர் நம்மைத் தாண்டிப் போவார்கள் என்பதுதான் கணக்கு.

| வரிசை அமைப்பு | இருக்கை | நாம் தாண்ட வேண்டியவர்கள் | நம்மைத் தாண்டுபவர்கள் |
|---|---|---|---|
| 3-4-3 | ஜன்னல் (ஏ) | 2 | 0 |
| 3-4-3 | ஓரத் தொகுதியின் நடு (பி) | 1 | 1 |
| 3-4-3 | ஓரத் தொகுதியின் நடைபாதை (சி) | 0 | 2 |
| 3-4-3 | நடுத் தொகுதியின் நடைபாதை (டி) | 0 | 1 |
| 3-4-3 | நடுத் தொகுதியின் உள் இருக்கை (இ) | 1 | 0 |
| 3-3-3 | நடுத் தொகுதியின் நடைபாதை | 0 | 0 அல்லது 1 |
| 3-3-3 | நடுத் தொகுதியின் நடு | 1, எந்தப் பக்கமும் | 0 |
| 2-4-2 | ஜன்னல் | 1 | 0 |
| 2-4-2 | ஓரத் தொகுதியின் நடைபாதை | 0 | 1 |

இந்த அட்டவணையில் நான் மிகவும் முக்கியமாகக் கருதுவது சி, டி என்ற இரண்டு வரிகள். வரைபடத்தில் அவை ஒரே நடைபாதையின் இரு கரைகள்; பெரும்பாலும் விலையும் ஒன்றே. ஆனால் சி இருக்கையில் இருப்பவரை இரவு முழுவதும் இரண்டு பேர் எழுப்புவார்கள், டி இருக்கையில் இருப்பவரை ஒருவர்தான். இருக்கை விற்கும் திரை இதை ஒருபோதும் சொல்வதில்லை.

## ஜன்னல் இருக்கை

தூக்கத்துக்கு இதைவிட நல்ல இருக்கை எகானமியில் இல்லை. தலையைச் சாய்க்கச் சுவர் இருக்கிறது, யாரும் எழுப்ப மாட்டார்கள், உணவு வண்டி முழங்கையில் இடிக்காது. அமெரிக்க உள்நாட்டு விமானங்களில் பயணிகளின் நடமாட்டத்தைக் கவனித்து 2018இல் வெளியான ஓர் ஆய்வில், ஜன்னலோரப் பயணிகளுக்கே மற்றவர்களோடு நெருக்கம் மிகக் குறைவாக இருந்தது என்று தெரியவந்தது. சளி, காய்ச்சல் எளிதில் ஒட்டிக்கொள்ளும் உடல்வாகு உள்ளவர்களுக்கு இது ஒரு நன்மை.

இதன் விலை, மேலே சொன்ன கூச்சம். அதோடு, விமானத்தின் சுவரும் தரையும் இரவில் சில்லென்று இருக்கும்; பாதத்தை ஒட்டிய அந்தக் குளிரை மெல்லிய போர்வை தடுக்காது. சில வரிசைகளில் ஜன்னல் இருக்கை என்று விற்கப்படும் இடத்தில் ஜன்னலே இராது, வெறும் சுவர்தான் இருக்கும். 787இல் ஜன்னல் திரைக்குப் பதிலாகக் கண்ணாடியே நிறம் மாறும். அதைப் பணியாளர்கள் மொத்தமாக இருட்டாக்கிவிட முடியும் என்பதால், வெளியே பார்க்கவே இந்த இருக்கையை எடுப்பவர்கள் ஏமாற்றமடையலாம். 20, 30 வயதில் தனியாகச் செல்பவர், ஒருமுறை தூங்கினால் எட்டு மணி நேரம் எழாதவர் ஆகியோருக்கு இதை எடுக்கலாம். நீரிழிவு, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டு அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியவர்களுக்கு இதை எடுத்துக் கொடுக்கவே கூடாது.

## நடைபாதை இருக்கை

எழுந்து நடக்கும் சுதந்திரம் முழுமையாகக் கிடைப்பது இங்கேதான். முழங்கால் வலி உள்ளவர் ஒரு காலைச் சற்றே வெளியே நீட்டிக்கொள்ளலாம். மேலே வைத்த பையிலிருந்து மருந்தை எடுக்க யாரையும் கேட்க வேண்டாம். கெடுதல் என்னவென்றால் தலை சாய்க்க இடமில்லை, தூங்கும்போது வெளியே நீண்ட தோளையும் பாதத்தையும் வண்டியும் நடப்பவர்களும் இடித்துக்கொண்டே போவார்கள்.

3-4-3 விமானம் என்றால் நடுத் தொகுதியின் நடைபாதையைத்தான் எடுக்க வேண்டும். தம்பதியாகச் செல்பவர்களுக்கு இதிலேயே இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, டியும் இயும் அடுத்தடுத்து எடுப்பது. உள்ளே இருக்கும் அம்மா எழுந்து போக வேண்டும் என்றால் அப்பாவைத்தான் எழுப்புவார். அதில் கூச்சம் இல்லை. இருவருக்கும் இடையே அறிமுகமற்றவர் எவரும் வருவதில்லை. மற்றொன்று, சியும் டியும் எடுப்பது. நடைபாதை குறுக்கே இருந்தாலும் கை எட்டும் தூரம்தான், மாத்திரையும் கண்ணாடியும் கைமாற்றிக்கொள்ளலாம். இருவரும் தனித்தனியே எழுந்து நடக்கலாம். இருவரில் ஒருவருக்கு மட்டும் அடிக்கடி எழ வேண்டியிருந்தால் முதல் வழி, இருவருக்கும் முழங்கால் வலியோ நீரிழிவோ இருந்தால் இரண்டாம் வழி என்று நான் பரிந்துரைப்பேன். ஏயும் பியும் எடுத்து இருவரையும் உள்ளே அடைத்து வைப்பதுதான் பலரும் பாசத்தோடு செய்யும் தேர்வு. 16 மணி நேரத்துக்கு இரண்டு பெரியவர்கள் முன்பின் தெரியாத ஒருவரின் தயவை எதிர்பார்த்திருக்க வேண்டிய தேர்வும் அதுவே.

## தடுப்புச் சுவரை ஒட்டிய முதல் வரிசை

முன்னால் யாரும் இருக்கையைச் சாய்க்க முடியாது என்பது இந்த வரிசையின் பெரிய ஈர்ப்பு. ஆனால் முன்னிருக்கை இல்லாததால் அதன் அடியில் கைப்பை வைக்கவும் இடமில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் மருந்து, கடவுச்சீட்டு உட்பட எல்லாமே மேலே போய்விடும். சாப்பாட்டுத் தட்டும் திரையும் கைப்பிடிக்குள் மடிக்கப்பட்டிருப்பதால் கைப்பிடி தூக்க முடியாத சுவராகி, இருக்கையின் அகலம் சற்றுக் குறைந்துவிடும். உயரமானவருக்கு முன்னிருக்கையின் அடியில் பாதத்தை நீட்ட முடிந்த சாதாரண வரிசையே இதைவிட வசதியாக இருப்பதும் உண்டு, ஏனென்றால் சுவர் காலுக்கு வழிவிடாது.

குழந்தையோடு செல்பவர்களுக்கு மட்டும் இந்த வரிசை வேறு கணக்கு. பேசினெட் எனப்படும் தொட்டில் மாட்டும் இடம் இந்தச் சுவரில்தான் இருக்கிறது. அதை இணையத்தில் தேர்ந்தெடுப்பதைவிட விமான நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்பதே உறுதியானது. எண்ணிக்கை குறைவு, எடை வரம்பும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒன்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்: விமானம் குலுங்கி சீட் பெல்ட் விளக்கு எரிந்தால், அரும்பாடுபட்டுத் தூங்க வைத்த குழந்தையைத் தொட்டிலிலிருந்து தூக்கி மடியில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். நீண்ட இரவில் இது பலமுறை நடக்கலாம். ஆனாலும் இடைப்பட்ட நேரங்களில் கை ஓய்வதற்கு இதைவிட வேறு வழி எகானமியில் இல்லை. குழந்தை இல்லாதவர்கள் இந்த வரிசைக்குப் பணம் கட்டும் முன், தொட்டில்களின் அருகில் உட்காரப் பணம் கட்டுகிறோம் என்பதை எண்ணிப் பார்க்கட்டும்.

## அவசர வழி வரிசை

கால் நீட்ட இடம் வேண்டும் என்றால் உண்மையில் இதற்கு இணை இல்லை. உயரமான, உடல்திடமான ஒருவருக்கு இந்தக் கட்டணம் தகும். ஆனால் கதவைத் திறந்து மற்றவர்களுக்கு உதவக்கூடியவர்கள் மட்டுமே இங்கே உட்காரலாம். அமெரிக்க விதிப்படி 15 வயது நிறைந்திருக்க வேண்டும், பணியாளரின் அறிவுறுத்தல் புரிய வேண்டும், சிறு குழந்தையின் பொறுப்பு இருக்கக் கூடாது. மற்ற நாட்டு நிறுவனங்களின் விதிகளும் இதே போக்கிலானவையே. வீல்சேர் உதவி கேட்டிருப்பவர், ஆங்கிலமோ விமான நிறுவனத்தின் மொழியோ தெரியாதவர், கர்ப்பிணி ஆகியோரை செக்-இன் கவுண்டரிலோ விமானத்துக்குள்ளோ வேறு இருக்கைக்கு மாற்றிவிடுவார்கள். தகுதி இல்லாமல் வாங்கியதற்குப் பெரும்பாலும் பணம் திரும்பாது. முழங்கால் வலிக்கும் அப்பாவுக்கு வசதியாக இருக்கட்டும் என்று இந்த வரிசையை வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கதவருகே குளிர் அதிகம். பல விமானங்களில் கழிவறைக்குக் காத்திருப்பவர்கள் நிற்பதும் இங்கேதான். கதவை ஒட்டிய ஜன்னல் பக்க இருக்கையில், கதவின் கீழ்ப்புடைப்பு ஒரு காலின் இடத்தைத் தின்றுவிடும்.

## முன்பகுதி, இறக்கைப் பகுதி, வால் பகுதி

எகானமியின் முன்வரிசைகளுக்குக் கூடுதல் கட்டணம் கேட்பது, சீக்கிரம் இறங்கலாம் என்பதற்காக. அமெரிக்காவின் குடியேற்ற வரிசையில் 300 பேருக்கு முன்னால் நிற்பதும் பின்னால் நிற்பதும் பெரிய வித்தியாசம்தான். அங்கிருந்து இன்னொரு உள்நாட்டு விமானம் பிடிக்க வேண்டியவர்கள், முதலில் இறங்கும் விமான நிலையத்திலேயே பெட்டிகளை எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டியிருப்பதால், அவர்களுக்கு இந்தக் கட்டணம் நியாயமானது. ஆனால் வீல்சேர் கேட்டிருக்கும் பெற்றோருக்கு முன்வரிசை வாங்குவது பணத்தை வீணாக்குவதே. வீல்சேர் பயணிகளைப் பெரும்பாலும் எல்லோரும் இறங்கிய பிறகே அழைத்துச் செல்வார்கள். மூன்றாம் வரிசையோ முப்பதாம் வரிசையோ, அவர்கள் இறங்கும் நேரம் ஒன்றுதான்.

இறக்கையை ஒட்டிய வரிசைகளில் குலுக்கல் குறைவு. பயணத்தில் வாந்தி வருபவர்கள் அங்கே எடுக்கலாம். வால் பகுதியில் ஆட்டம் அதிகம், கழிவறைக் கதவின் ஓசையும் உணவு தயாரிக்கும் இடத்தின் திரை விலகும்போதெல்லாம் முகத்தில் அடிக்கும் வெளிச்சமும் அதிகம், கடைசி வரிசையில் இருக்கை முழுதாகச் சாயாமலும் போகலாம். அப்படியிருந்தும் வால் பகுதியில் ஒரு நல்ல இடம் ஒளிந்திருக்கிறது. விமானத்தின் உடல் அங்கே குறுகுவதால், 3-4-3 அமைப்புள்ள பல 777 விமானங்களின் கடைசிச் சில வரிசைகளில் ஓரத் தொகுதி இரண்டு இருக்கைகளாகிவிடுகிறது. ஜன்னலும் வேண்டும், அந்நியரைத் தாண்டவும் கூடாது என்று நினைக்கும் தம்பதிக்கு அதுவே பொருத்தம். கட்டணமும் பெரும்பாலும் குறைவு.

பின்னால் உட்கார்ந்தால் சைவ உணவு தீர்ந்துவிடுமே என்பது பலரின் கவலை. அதற்கு முன்வரிசை வாங்க வேண்டியதில்லை. ஏவிஎம்எல் என்ற குறியீடு கொண்ட ஆசிய சைவ உணவை முன்கூட்டியே பதிவு செய்தால், எந்த வரிசையில் இருந்தாலும் மற்றவர்களுக்கு முன்பே கொண்டுவந்து தருவார்கள். எச்என்எம்எல் எனப்படும் ‘இந்து உணவு’ அசைவம் என்பதால் சைவர்கள் அதைத் தேர்ந்தெடுத்துவிடக் கூடாது.

## இலவசமாக ஒதுக்கப்படும் இருக்கை

பெரும்பாலான நிறுவனங்களில் புறப்பாட்டுக்கு 48 அல்லது 24 மணி நேரத்துக்கு முன் வெப் செக்-இன் திறக்கும்போது, எஞ்சியிருக்கும் சாதாரண இருக்கைகளில் ஒன்றைக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளலாம். மிகக் குறைந்த கட்டண டிக்கெட்டுகளில் சில நிறுவனங்கள் இதையும் மறுக்கின்றன; டிக்கெட் வாங்கும்போதே அந்த விதியைப் படித்துவிட வேண்டும். தனியாகச் செல்லும் இளைஞருக்கு இதுவே போதும். அப்போது பி இருக்கையும் இ இருக்கையும் மட்டுமே மிச்சம் என்றால் இயை எடுக்கவும்; இரண்டும் நடு இருக்கைகள்தான், ஆனால் இயைத் தாண்டி யாரும் போவதில்லை.

சேர்ந்து செல்பவர்கள் வெவ்வேறு இருக்கைகளுக்குப் பிரிந்துவிடும் ஆபத்துதான் இதன் மறைந்திருக்கும் விலை. 12 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு, அதே பிஎன்ஆரில் (முன்பதிவு எண்ணில்) பயணம் செய்யும் பெற்றோரில் ஒருவருடன் இருக்கை ஒதுக்க வேண்டும் என்று இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ 2024 ஏப்ரலில் இந்திய விமான நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. முதியவர்களுக்கு அப்படி ஒரு பாதுகாப்பு இல்லை. முதல்முறை விமானம் ஏறும் அறுபது, எழுபது வயதுத் தம்பதியை இந்த அதிர்ஷ்டத்தை நம்பி அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

## யாருக்கு எது

| பயணி | என் தேர்வு | பணம் கட்டலாமா |
|---|---|---|
| முதிய தம்பதி, 3-4-3 விமானம் | டி–இ அல்லது சி–டி | நீண்ட கட்டத்துக்கு மட்டும் கட்டாயம் |
| தனியாகச் செல்லும் அம்மா அல்லது அப்பா | நடுத் தொகுதியின் நடைபாதை | கட்டலாம் |
| கர்ப்பிணி | நடைபாதை, கழிவறைக்குச் சில வரிசை தள்ளி | கட்டலாம் |
| கைக்குழந்தையுடன் தாய் | தொட்டில் வரிசை | நிறுவனத்தை அழைத்துக் கேட்கவும் |
| நால்வர் குடும்பம் | நடுத் தொகுதி நான்கும் | வெப் செக்-இன் வரை காத்திருப்பது ஆபத்து |
| மூவர் குடும்பம் | ஓரத் தொகுதி மூன்றும் | மேற்படி |
| ஆறடிக்கு மேல் உயரம், உடல்திடம் உள்ளவர் | அவசர வழி வரிசை | கட்டலாம் |
| தனியாகச் செல்லும் மாணவர் | ஜன்னல், இல்லையேல் இ | தேவையில்லை |

## கட்டணத்தில் கவனிக்க வேண்டியவை

இருக்கைக் கட்டணம் ஒவ்வொரு விமானத்துக்கும், ஒவ்வொரு நபருக்கும் தனித்தனி. தம்பதி ஒரு டிரான்சிட்டுடன் போய்த் திரும்பினால் எட்டுக் கட்டணங்கள். சென்னை–வளைகுடா கட்டத்தை இலவச ஒதுக்கீட்டுக்கு விட்டுவிட்டு, நீண்ட கட்டத்துக்கு மட்டும் கட்டினால் அது நான்காகக் குறைகிறது. சற்று விலை கூடிய டிக்கெட் வகையில் இருக்கைத் தேர்வு இலவசமாகச் சேர்ந்திருந்தால், இந்த நான்கையும் கூட்டி அதன் விலை வித்தியாசத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவும். தேதி மாற்றும் வசதியும் அதோடு வருவதால் அதுவே மலிவாக முடிவது உண்டு.

பயண முகவர் தளத்தில் வாங்கிய டிக்கெட்டுக்கும், ஒரு நிறுவனம் விற்று இன்னொன்று இயக்கும் விமானத்துக்கும், இருக்கையை இயக்கும் நிறுவனத்தின் சொந்த பிஎன்ஆர் எண்ணைக் கொண்டு அதன் தளத்திலேயே தேர்ந்தெடுப்பது நல்லது. விமானத்தின் வகையைக் கடைசி நேரத்தில் மாற்றினால் பணம் கட்டிய இருக்கை எண் சொல்லாமலே மாறிவிடும். டி என்று வாங்கியது வேறு தொகுதிக்குப் போயிருக்கலாம். ஆகவே பயணத்துக்கு ஒரு வாரம் முன்பும், வெப் செக்-இன் திறந்தவுடனும் வரைபடத்தை மீண்டும் ஒருமுறை திறந்து பாருங்கள். பணம் கட்டிய ரசீதை அச்செடுத்து பெற்றோரின் கைப்பையில் போர்டிங் பாஸோடு வைத்துவிட்டால், இருக்கை மாறியிருந்தால் கவுண்டரில் அவர்கள் அதைக் காட்டினாலே போதும், விளக்கிச் சொல்லச் சிரமப்பட வேண்டியதில்லை.